கே 70: பேரேட்டில் ஏறாத கல்லீரல் சாவுகள்

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் ஆட்கள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்று அன்றைய மாவட்ட ஆட்சியர் செய்தியாளர்களிடம் சொன்னார். வேறு உடல்நலக் கோளாறுகள் காரணமாகக் காட்டப்பட்டன. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட் சாராயத்தைக் குடித்திருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. அன்று இரவுக்குள் கதை மாறிவிட்டது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கடைசியில் செத்தவர்கள் 65 பேருக்கு மேல். பெரும்பாலோர் தலித்துகள், மூட்டை தூக்குகிறவர்கள், அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். பெண்களும் அதில் இருந்தார்கள்.

இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நாங்கள் இங்கே எடுத்துக்கொள்வது அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும்: ‘எதனால் செத்தார்’ என்ற கேள்விக்கு அரசுக் காகிதத்தில் எழுதப்படும் பதிலை. ஜூன் 19 பகலில் அந்தப் பதில் ஒன்றாக இருந்தது, இரவில் வேறொன்றாக இருந்தது. செத்தவர்கள் அதே ஆட்கள்தான். அந்த ஒரு சொல் மாறிய பிறகுதான் நஞ்சுமுறிவு மருந்து, டயாலிசிஸ், பிரேதப் பரிசோதனை, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம், சட்டமன்றத்தில் மதுவிலக்குத் திருத்தச் சட்டம், நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ-க்கு மாற்றியது என எல்லாம் வரிசையாக வந்தன. காரணம் என்ற கட்டத்தில் எழுதும் சொல்லுக்கு இவ்வளவு பலம் உண்டு.

அப்படியானால் அந்தச் சொல் கிடைக்காத சாவுகளின் கதை என்ன?

திருக்கோவிலூரைச் சுற்றிய காலனிகளில், தென்பெண்ணையின் இரு கரையிலும், அங்கிருந்து சங்கராபுரம் வழியாகக் கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் வருடம் முழுக்க இன்னொரு வகைச் சாவு நடந்துகொண்டிருக்கிறது. ஒரே இரவில் அறுபது பேர் என்று இல்லை. இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவர். கண் மஞ்சளாகும். கால் வீங்கும். வயிற்றில் தண்ணீர் கோர்க்கும். முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரி, ஊசி போட்டு நீர் எடுப்பது, வீட்டுக்கு வருவது, மறுபடி போவது. ஒருநாள் ரத்தமாக வாந்தி. நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ‘காமாலையில போய்ட்டாரு’ என்று தெரு சொல்லும். அந்த வீடுகளில் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தால் ‘டி.சி.எல்.டி’ என்ற நான்கு எழுத்து இருக்கும். நாள்பட்ட கல்லீரல் நோய் முற்றி, உடல் இனித் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். எதனால் வந்த நோய் என்று சில சீட்டுகளில் இருக்கும், பலவற்றில் இருக்காது.

இந்த ‘எதனால்’ என்ற சொல்லுக்கு உலகமெங்கும் ஒரு எண் இருக்கிறது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு, சுருக்கமாக ஐ.சி.டி. அதன் பத்தாம் திருத்தத்தை உலக சுகாதாரப் பேரவை 1990-இல் ஏற்றது. அதில் மதுவால் வரும் கல்லீரல் நோய்க்கு கே 70. கொழுப்பு படிந்த கல்லீரல் என்றால் 70.0, மது ஹெபடைட்டிஸ் 70.1, நார் பாய்ந்தால் 70.2, சுருங்கி இறுகி சிரோசிஸ் ஆகிவிட்டால் 70.3, செயலிழப்பு 70.4, இன்ன வகை என்று சொல்லாவிட்டால் 70.9. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில் இதே நோய் டி.பி. 94 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் தர்க்கம் அதேதான்.

மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டியது பக்கத்து எண்களை. கே 74.6 என்றால் பிற சிரோசிஸ், காரணம் குறிப்பிடாத சிரோசிஸ். ஆர் 17 என்றால் வெறும் மஞ்சள் காமாலை. அது நோய்கூட அல்ல, அறிகுறிகளின் அத்தியாயத்தில் வருவது. எஃப் 10 என்றால் மதுவால் வரும் மன, நடத்தைக் கோளாறு. டி 51.1 என்றால் மெத்தனால் நச்சு. ஆக, ஒரே சந்தில், ஒரே குடியால் செத்த நான்கு பேர் நான்கு அத்தியாயங்களில் போய் விழலாம்: செரிமான உறுப்பு நோய், அறிகுறி, மனநோய், நச்சு. மேலே உட்கார்ந்து கூட்டுகிறவருக்கு அந்தச் சந்து கண்ணில் படவே படாது.

மருத்துவர் ‘சிரோசிஸ்’ என்று மட்டும் எழுதி, மது என்ற சொல் காகிதத்தில் எங்குமே இல்லையென்றால், குறியீடு போடும் ஊழியர் கே 70-க்குப் போக முடியாது. செத்தவர் இருபது வருடம் குடித்தார் என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம். காகிதத்துக்குத் தெரியாது. குறியீட்டுக்காரர் ஊகிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி சரியானதும்கூட. எனவே பிரச்சினை எண்ணில் இல்லை, எண்ணுக்கு முன்னால் எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் போகும், சொல்லில் இருக்கிறது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. இறப்புக் காரணங்களுக்கு உலகத்துக்கே ஒரு பொதுப் பட்டியல் வேண்டும் என்று 1893-இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தில் பாரிஸ் நகரத்துப் புள்ளியியலாளர் ஜாக் பெர்தியோன் ஒரு பட்டியலை வைத்தார். இன்றைய ஐ.சி.டி-யின் மூதாதை அதுதான். அந்தப் பட்டியலின் வழியில் மதுப்பழக்கம் ஓரிடத்திலும் சிரோசிஸ் வேறோரிடத்திலும் இருந்தன. குடி ஒரு தனி நோய், கல்லீரல் ஒரு தனி உறுப்பு. இரண்டையும் இணைக்கும் வேலை பிறகுதான் நடந்தது. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று வெளியிட்ட ஆறாம் திருத்தத்தில் சிரோசிஸ் 581 என்ற எண்ணுக்குள் இரண்டாகப் பிரிந்தது: மதுப்பழக்கம் குறிப்பிடப்படாதது, மதுப்பழக்கத்தோடு கூடியது.

‘குறிப்பிடப்படாதது’ என்ற அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று பாருங்கள். மது இல்லாத சிரோசிஸ் என்று அவர்கள் எழுதவில்லை. மதுவை யாரும் குறிப்பிடாத சிரோசிஸ் என்று எழுதினார்கள். மருத்துவர்கள் மறைப்பார்கள் என்பதை வகைப்பாட்டை எழுதியவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது. காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறப்புச் சான்று குடும்பத்தின் கைக்குப் போகும். கௌரவமான வீட்டுப் பெரியவர் குடியால் செத்தார் என்று எழுதிக் குடும்பத்திடம் கொடுக்க எந்த வீட்டு மருத்துவருக்கு மனம் வரும்? கல்லீரல் நோய் என்று மட்டும் எழுதிவிடுவார். இருந்தும் அங்கே ஒரு வழி இருந்தது. இறப்போடு தொழிலும் பதிவானது. பதிவாளர் நாயகத்தின் தொழில்வாரி அறிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு மதுக்கடை நடத்துகிறவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு கல்லீரல் நோயால் சாகிறார்கள் என்பது தெரிந்தது. மருத்துவர் மறைத்ததைத் தொழில் கட்டம் காட்டிக்கொடுத்தது.

நம் ஊரில் அப்படிக் காட்டிக்கொடுக்க என்ன கட்டம் இருந்தது?

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-இல் மூன்றாம் எண் சட்டம் வந்தது. கிராமத்தில் பேரேட்டை எழுதியவர் கிராம அதிகாரி. மருத்துவம் தெரிந்தவர் அல்ல. பரம்பரை உரிமையில் அந்தப் பதவிக்கு வந்தவர், பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர். மாகாண சுகாதார அறிக்கைகளில் சாவுகள் விழுந்த கட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கும் சீதபேதியும், காயங்களும் விபத்தும், அப்புறம் ‘மற்றவை’. வயிறு வீங்கிச் செத்தவர் மற்றவையில் போனார். கடைசி நாட்களில் சுரம் இருந்தால் காய்ச்சலில் போனார். தென்னார்க்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி தாலுகாக்களின் சேரிச் சாவுகள் ஒரு நூற்றாண்டுக்கு இப்படித்தான் கரைந்தன.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஊரில் யார் செத்தாலும் இழவு சொல்லப் போனவர்கள் நம் ஆட்கள். பறை அடித்தவர்கள், குழி வெட்டியவர்கள், சுடுகாட்டில் விடிய விடியக் கிடந்தவர்கள் நம் ஆட்கள். ஊரின் ஒவ்வொரு சாவையும் முதலில் அறிந்தவர்கள் அவர்களே. பேனா மட்டும் வேறு கையில் இருந்தது. அந்தச் சாவு வேலைக்குக் கூலியின் ஒரு பகுதி சாராயமாகவே கொடுக்கப்பட்டது என்பதை நம் தாத்தாக்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பரம்பரைக் கிராம அதிகாரி முறையைத் தமிழ்நாடு அரசு 1980-இல்தான் ஒழித்தது. பிறகு வந்தவர் கிராம நிர்வாக அலுவலர்.

சாவைக் கணக்கு வைக்காத அரசு சாராயத்தை மிகத் துல்லியமாகக் கணக்கு வைத்தது. 1886-இன் ஆப்காரிச் சட்டம், ஏலம், கடை வாடகை, காலனுக்கு இவ்வளவு தீர்வை. 1930-களில் மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு ஆப்காரியிலிருந்து வந்தது. குடித்தவர்களில் கூலிக்காரர்கள்தான் அதிகம் என்பதால், அந்தக் கால்பங்கைக் கட்டியவர்கள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த வருடம் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வடார்க்காடு. இழந்த வருவாய்க்காக விற்பனை வரி வந்தது. தென்னார்க்காடு அந்தப் பட்டியலில் அப்போது இல்லை. ஆக, கல்வராயன் மலைத்தொடரின் மேற்குச் சரிவு சேலத்தில், குடிக்கத் தடை. கிழக்குச் சரிவு நம் பக்கம், கடை திறந்திருந்தது. மாகாணம் முழுவதும் மூடியது 1948-இல். 1971-இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-இல் மறுபடி மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர் அரசு திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. நடுவில் சாராயக் கடைகள் மூடித் திறந்த வரலாறு தனி.

இதை ஏன் இவ்வளவு வரிசையாகச் சொல்கிறோம் என்றால், இப்படி மூடியும் திறந்தும் வைத்த நாடு உலகத்தில் குறைவு. பாரிஸில் இரண்டாம் உலகப்போரின்போது ஒயினுக்கு ரேஷன் வந்தது. சில வருடங்களுக்குள் சிரோசிஸ் சாவுகள் சுமார் ஐந்தில் ஒன்றாகச் சரிந்தன. போர் முடிந்து ஒயின் திரும்பியதும் சாவும் திரும்பியது. குடிக்கும் கல்லீரல் சாவுக்கும் உள்ள உறவைப் பேசும் ஒவ்வொரு பாடநூலும் இந்த உதாரணத்தைச் சொல்லும். அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பாரிஸில் சிரோசிஸுக்கு ஒரு கட்டம் இருந்தது, அதில் ஆள் ஆளாக எழுதி வைத்திருந்தார்கள். 1937, 1948, 1971, 1974, 1981, 2003 என்று ஆறு திருப்பங்கள் நம் தெருக்களின் மேல் நடந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் சங்கராபுரத்துக் காலனியில், திருக்கோவிலூர் சேரியில் கல்லீரல் என்ன ஆனது? பேரேட்டைத் திறந்தால் ‘காய்ச்சல்’ என்று இருக்கும். மதுவிலக்கு ஏழைகளைக் காப்பாற்றியதா, கள்ளச்சாராயத்துக்குத் தள்ளியதா என்று மேடைதோறும் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் கையில் எண் இல்லாமல்தான் பேசுகிறோம்.

மதுவிலக்குக் காலத்தில் மருத்துவச் சான்றுக்கு வேறொரு பயன்பாடு இருந்தது என்பதையும் இடையில் சொல்லிவிடலாம். வசதியானவர்களுக்கு ‘பெர்மிட்’ இருந்தது. உடல்நலத்துக்கு மது தேவை என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சீமைச் சரக்கு வாங்கலாம். அங்கே மருத்துவர் மதுவைக் குறிப்பிடத் தயங்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 1969-இன் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் மருத்துவமனையில் நடக்கும் சாவுக்குப் படிவம் 4, வீட்டில் நடந்து மருத்துவர் பார்த்திருந்தால் படிவம் 4ஏ. அதன் முதல் பகுதியில் மூன்று வரிகள். அ: உடனடிக் காரணம். ஆ: அதற்கு இட்டுச் சென்றது. இ: எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம். புள்ளிவிவரத்தில் ஏறுவது இந்த அடிக்காரணம்தான். சரியாக எழுதினால் இப்படி இருக்கும்: உணவுக்குழாய் நாளம் வெடித்து ரத்தப்போக்கு, அதற்குக் காரணம் சிரோசிஸ், அதற்குக் காரணம் நாள்பட்ட மது. நடைமுறையில் முதல் வரியில் ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். இதயமும் மூச்சும் நிற்காமல் யார் செத்தார்கள்? சாகும் விதத்தைக் காரணமாக எழுதாதீர்கள் என்று படிவத்தின் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறது.

அதுவும் மருத்துவமனை வரை போய்ச் செத்தால்தான். 2020-இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் சான்றளித்தவை 22.5 விழுக்காடு. தமிழ்நாடு இதைவிட மேல்தான், ஆனால் அந்த மேலில் சென்னையும் மற்ற நகரங்களும் இருக்கின்றன. மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வரும் நோயாளியை ‘இனி ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்று அனுப்பினால், அவர் வீட்டில் சாகிறார். வீட்டுச் சாவுக்குக் காரணம் சொல்ல மருத்துவர் இல்லை.

மருத்துவமனையிலேயே செத்தாலும் மது என்ற சொல் ஏன் விடுபடுகிறது? நாங்கள் பார்த்தவரை எல்லாத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. குடும்பம் கேட்டுக்கொள்கிறது: ‘குடின்னு எழுதாதீங்க சார், பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கு.’ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் பன்னிரண்டாவது, மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும். தனியார் பாலிசி வைத்திருப்பவருக்குச் சீட்டில் மது என்று ஏறினால் பணம் வராது என்ற பயம். இரக்கமுள்ள மருத்துவர் இதனாலேயே விட்டுவிடுகிறார். இரக்கமில்லாதவர் நேரமில்லாததால் விட்டுவிடுகிறார். அரசைப் பொறுத்தவரை, 2023–24-இல் டாஸ்மாக் கொடுத்த வருவாய் ரூ.45,855 கோடி. எந்த மாவட்டத்தில் எத்தனை பெட்டி போனது என்று அது தினமும் சொல்ல முடியும். அதே மாவட்டத்தில் எத்தனை கல்லீரல் போனது என்று கேட்கும் அவசரம் அந்த அரசுக்கு இருக்குமா?

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். எங்களுக்குள்ளேயே வந்தது. கே 70 என்று ஒழுங்காக எழுதிவிட்டால் யாருக்கு லாபம்? ‘பாருங்கள், சேரிக்காரன் குடித்தே சாகிறான்’ என்று சொல்ல இன்னொரு ஆதாரம் கிடைக்கும், அவ்வளவுதானே? இந்தப் பயத்தை நாங்கள் தள்ளிவிட மாட்டோம். குடிகாரன் என்ற பட்டம் நம் மக்கள் மேல் நூற்றாண்டாக ஒட்டியிருக்கிறது. கருணாபுரத்துக்குப் பத்து லட்சம் எதற்கு என்று கேட்டவர்களை எல்லோரும் பார்த்தோம். கேட்டவர்கள் வீட்டு விசேஷத்தில் என்ன பரிமாறப்படுகிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் எண் இல்லாத இடத்திலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எண் இருந்த இடத்தில் வேறொன்று தெரியவந்தது. ஸ்காட்லாந்தில் உடல்நலக் கணக்கெடுப்பையும் மருத்துவமனை, இறப்புப் பதிவுகளையும் இணைத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே அளவு குடிக்கிற இருவரில் ஏழைக்கே பாதிப்பு அதிகம் என்று அது காட்டியது. அளவையும் முறையையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மிஞ்சியது. காலி வயிறு, மஞ்சள் காமாலை வைரஸ், ஓய்வில்லாத உடலுழைப்பு, தாமதமான மருத்துவம் என்று அந்த மிச்சத்தை நம் தெருவில் விளக்கப் பெரிய ஆய்வு தேவைப்படாது. ஆனால் வாதமாக வைக்க எண் தேவை. ‘அவர்கள் அதிகம் குடிக்கிறார்கள்’ என்பதை ‘அவர்களுக்கு இது அதிகம் கொல்கிறது’ என்று மாற்ற அந்தக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும்.

சொல்லின் களங்கத்தை மருத்துவ உலகமும் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. 2023-இல் கல்லீரல் மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கங்கள் கூடிப் பெயர்களை மாற்றின. குடிகாரன் என்று ஆளைச் சுட்டும் பழைய ஆங்கில அடைமொழியை விட்டு, ‘மதுவோடு தொடர்புடைய கல்லீரல் நோய்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் நாமும் ‘குடிநோய்’ என்று எழுதும் பழக்கத்தை யோசிக்கலாம்.

நச்சுக் குறியீட்டிலும் ஒரு முள் இருக்கிறது. மெத்தனாலுக்கு டி 51.1 என்று எழுதினால் அதோடு எப்படி நேர்ந்தது என்றும் ஒரு எண் போட வேண்டும். வழக்கமாகப் போவது எக்ஸ் 45: தற்செயலான நச்சுப் பாதிப்பு. தொழிற்சாலை மெத்தனாலைக் காசுக்காகக் கலந்து விற்றதால் ஒரு தெருவே செத்தது. அதற்குப் பன்னாட்டுப் பெயர் ‘தற்செயல்’. வேண்டுமென்றே நஞ்சிட்டதற்கு வேறு எண்கள் அதே நூலில் இருக்கின்றன. எதைப் போடுவது என்பது நீதிமன்றத்தில் முடிவாகும் முன்பே ஒரு மேசையில் முடிவாகிவிடுகிறது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் மதுராந்தகம் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்ததும் மெத்தனாலால்தான். ஒரு வருட இடைவெளியில் அதே நஞ்சு, பக்கத்து மாவட்டம். இரண்டாவது முறையும் தற்செயலா?

மெத்தனாலுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாட்டை இதோடு சொல்லியாக வேண்டும். கருணாபுரத்துக்குப் பிறகு பத்திரிகைகளில் கல்வராயன் மலை என்றாலே கள்ளச்சாராயம் என்று ஆனது. மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது நடக்கிறது; மறுப்பதற்கில்லை. அதில் வருவது எத்தனால், கடையில் விற்பதில் இருக்கும் அதே சரக்கு. மெத்தனால் ஊறலிலிருந்து கொல்லும் அளவுக்கு வராது. அது டிரம்மில், லாரியில், சமவெளி வழியாக வருவது. உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி ரத்தத்தைப் புளிக்க வைத்துக் கண் நரம்பைக் கொல்லும். மாறுவதற்குப் பல மணிநேரம் ஆகும் என்பதால், வயிற்றுவலி, வாந்தி என்று முதலில் வருகிறவருக்குச் சாதாரணக் கோளாறு என்று எழுதிவிட இடமிருக்கிறது. மலைச் சாராயம் கொல்வது வேறு வேகத்தில், கே 70-இன் வேகத்தில். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கிடந்த மலையாளி பழங்குடிகளுக்குச் சாலையும் ஆஸ்பத்திரியும் எங்கே என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்ததுகூட 2024 ஜூலையில், சமவெளியில் அறுபது பேர் செத்த பிறகுதான். மெதுவாகச் சாகும் மலைக்கு அதற்கு முன்னால் வழக்கில்லை.

2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நடத்திய மது, போதை ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்கு நம் பகுதிப் பெண்கள் திரளாகப் போனார்கள். முழு மதுவிலக்கு வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. கணக்கு வேண்டும் என்பதில் ஒரே கருத்துதான்.

வேலைக்கு உதவும் சில விவரங்களோடு நிறுத்துகிறோம். வீட்டுக்குக் கிடைக்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. காரணத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. களங்கத்துக்குப் பயப்படும் குடும்பத்திடம் இதை முதலில் சொல்லுங்கள்: மருத்துவர் உண்மையை எழுதினாலும் வங்கியிலோ தாலுகா அலுவலகத்திலோ காட்டும் சான்றில் அது வராது. குடும்பத் தலைவரை இழந்த வறுமைக்கோட்டுக் குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் வரும் 20,000 ரூபாய்க்கும் காரணம் ஒரு தடையல்ல. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, மருத்துவமனை, அரசோ தனியாரோ, இறப்புக் காரணச் சான்றைப் பதிவாளருக்கு இலவசமாகக் கொடுப்பதோடு அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும். நோய் வரலாறும் அதில் இருக்க வேண்டும். பிணத்தை வாங்கும் நேரத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. நாம் உடன் போனால் கேட்கலாம். முதல் வரியில் இதயம் நின்றது என்று மட்டும் இருந்தால், மூன்றாம் வரியில் என்ன என்று அங்கேயே கேட்கலாம்.

வீட்டில் நடந்த சாவுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும்போது படிவம் 2-ஐ முழுதாகப் படியுங்கள். அதன் புள்ளிவிவரப் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது: இறந்தவர் வழக்கமாக மது அருந்துபவராக இருந்தால், எத்தனை ஆண்டுகளாக? பக்கத்தில் பீடி, புகையிலை, பாக்கு. பெரும்பாலும் யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், ஒரு கோடு போட்டு விட்டுவிடுகிற கட்டம் இது. மதம் கேட்கும் அந்தப் படிவம் சாதி கேட்பதில்லை. ஆனால் முகவரி கேட்கிறது. காலனி எது, ஊர் எது என்று முகவரியிலேயே தெரியும்.